பண்ணைப் பூங்காவில் ஒரு பகல்

உரைநடை உலகம்

நுழையுமுன்

நேற்றுவரை வாழ்க்கையாக இருந்தவை இன்று காட்சிப் பொருள்களாகி வருகின்றன. கமலையும் செக்கும் மாட்டுவண்டியும் கட்டணம் செலுத்திக் காணும் வேடிக்கைகளாக மாறியுள்ளன. இம்மாற்றத்தால் உழவுக்கு நேர்வது இழப்பா, ஆக்கமா? விடுமுறை நாளொன்றில் ஒரு குடும்பம் பண்ணைப் பூங்காவிற்குச் சென்ற பட்டறிவின் வழியே இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

புறப்பாடு

காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் குடும்பத்துடன் வெளியே சென்றுவர எண்ணினோம். மலைக்கும் கடலுக்கும் செல்ல ஒரு நாள் போதாது. அப்போது, காங்கேயத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் சிறிய பண்ணைப் பூங்கா ஒன்று இருப்பதாக என் மனைவி கூறினார். பதினோராம் வகுப்பில் பயிலும் என் மகளும் ஏழு வயதான என் தங்கை மகனும் மகிழ்ந்தனர். எண்பதைக் கடந்த என் தந்தை மட்டும் தயங்கினார்.

“தோட்டத்தப் பாக்கறதுக்குக் காசு குடுத்துப் போறதா?” என்று கேட்டுச் சிரித்தார். அச்சிரிப்பிற்குள் ஒரு வலி இருந்ததை நான் அறிவேன். அவர் மூன்று ஏக்கர் தோட்டம் வைத்து உழுதவர். நிலத்தடி நீர் கீழிறங்கிக் கிணறு வற்றியது. ஆழ்துளைக் கிணறும் இருமுறை ஏமாற்றியது. கடன் அடைப்பதற்காக அந்நிலத்தை விற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அவர் அவ்வழியே சென்றதில்லை. ஆயினும், பேரக்குழந்தைகள் கையைப் பிடித்து இழுத்தபோது அவரால் மறுக்க இயலவில்லை.

செங்கன்றும் கொறங்காடும்

பூங்காவின் வாயிலில் வைக்கோலால் செய்த பெரிய யானைப் பொம்மை எங்களை வரவேற்றது. உள்ளே, ஆட்டுக்குட்டிகளுக்குத் தழை கொடுக்கும் பட்டி, வைக்கோற்போரில் ஏறிச் சறுக்கும் இடம், சேற்றில் இறங்கி நாற்று நடும் பாத்தி, குயவரின் சக்கரம், புளியமரத்து ஊஞ்சல் எனப் பலவும் இருந்தன. சேற்றையே அறியாத கைகள் அன்று சேற்றில் புதைந்து களித்தன. தங்கை மகன் முழங்கால்வரை சேறாகி நின்ற கோலத்தைக் கண்டோர் அனைவரும் சிரித்தனர்.

மாட்டுத் தொழுவத்தில் பசுவும் கன்றும் நின்றன. “தாய் வெள்ளையாக இருக்கிறது, கன்று ஏன் செந்நிறமாக இருக்கிறது?” என்று என் மகள் கேட்டாள். அதுவரை பேசாதிருந்த தந்தை வாய் திறந்தார். காங்கேயம் இனத்துக் கன்றுகள் செந்நிறத்தில் பிறக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறமாகும். பொலிகாளைக்குத் திமிலிலும் முன்பின் கால்பகுதிகளிலும் கருமை படரும். காயடித்த பின்னர் அக்கருமை குறைந்து வெளிறும் என்று விளக்கினார்.

அம்மாடுகள் வளர்ந்த மேய்ச்சல் நிலத்தையும் அவர் நினைவுகூர்ந்தார். கொங்கு நாட்டில் அதனைக் ‘கொறங்காடு’ என்பர். மழையை மட்டுமே நம்பிய நிலம் அது. தரையில் கொழுக்கட்டைப் புல் வளரும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். நாற்புறமும் கிளுவை முள் உயிர்வேலியாகக் காக்கும். புல் மாட்டை வளர்க்கிறது. வெள்வேலங்காய் ஆட்டுக்கு உணவாகிறது. சாணமும் புழுக்கையும் மீண்டும் நிலத்துக்கே உரமாகின்றன. “மாட்டக் காப்பாத்தோணும்னா மொதல்ல புல்லக் காப்பாத்தோணும் கண்ணு” என்று அவர் கூறியதை என் மகள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| கொங்கு வட்டாரத்தில் வேளாண் நிலங்கள் நீர் பெறும் முறையால் பெயர் பெறுகின்றன. மழையை நம்பியது *காடு*. கிணற்று நீரால் விளைவது *தோட்டம்*. ஆற்று நீரோ வாய்க்கால் நீரோ பாய்வது *வயல்*. |

கமலை இயங்கும் முறை

பூங்காவின் நடுவே பெருங்கிணறு ஒன்று இருந்தது. அதன் கரையில் கமலை பூட்டப்பட்டிருந்தது. மணி அடித்ததும் மக்கள் அதனைச் சுற்றித் திரண்டனர். இளைஞர் ஒருவர் இரண்டு காளைகளை ஓட்டி நீர் இறைத்துக் காட்டினார்.

கிணற்றின் மேல் நட்ட மரச்சட்டத்தில் ஓர் உருளை சுழல்கிறது. அதன்மீது செல்லும் தடித்த வடக்கயிறு, சால் எனப்படும் பெரிய கலத்தைத் தாங்குகிறது. சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வால் போன்ற குழாய் உண்டு. அக்குழாயின் வாயைக் கட்டிய வால்கயிறு, கீழேயுள்ள சிறிய உருளையின்மேல் செல்கிறது. இரு கயிறுகளும் காளைகளின் நுகத்தடியில் இணைகின்றன.

காளைகள் கிணற்றிலிருந்து விலகிச் சரிவான பாதையில் இறங்கும்போது சால் மேலெழுகிறது. அப்போது வால்கயிறு தோற்குழாயை மேல்நோக்கி மடித்துப் பிடித்திருப்பதால் நீர் சிந்துவதில்லை. சால் கிணற்றின் விளிம்புக்கு மேல் எழும் அதே நேரத்தில் வால்கயிறு குழாயை முன்னோக்கி இழுக்க, நீர் முழுவதும் தொட்டியில் கொட்டுகிறது. பின்னர்க் காளைகள் முகம் திரும்பாமல் பின்னோக்கி நடந்து மேடேறுகின்றன. சால் மீண்டும் கிணற்றில் இறங்குகிறது. சரிவில் இறங்கும்போது ஓட்டுபவர் கயிற்றின்மேல் அமர்ந்து தம் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். மனிதன், மாடு, மண்ணின் சரிவு ஆகிய மூன்றும் இணைந்து இயங்கும் பொறி இது. அக்காலத்தில் விடியுமுன்னரே கமலை பூட்டி, சால்களின் எண்ணிக்கையைப் பாட்டிலேயே கணக்கிட்டு இறைத்தனர்.

இதனைக் கண்ட என் மகள் கணக்கில் இறங்கினாள். ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். ஒரு சாலில் 100 லிட்டர் நீர் இருப்பதாகவும், கிணற்றின் நீர்மட்டம் 12 மீட்டர் ஆழத்தில் இருப்பதாகவும் கொண்டால், ஒருமுறை இறைக்கச் செய்யப்படும் வேலை ஏறத்தாழ 11,760 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல். ஆற்றல் இழப்புகளைக் கருதாவிடில், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 306 சால் நீரை மேலேற்றலாம்!

“அப்படின்னா கமலை மறைஞ்சதுல வியப்பில்லைங்க அப்பாரு” என்றாள்.

“வியப்பில்ல கண்ணு. மோட்டார் வந்த அன்னிக்கு ஊரே கும்பிட்டுச்சு. எங்க முதுகும் மாட்டுக் கழுத்தும் அன்னிக்குத்தான் நிமிந்துச்சு” என்றார் தந்தை.

அவர் பழைமையைப் போற்றியழும் மனிதரல்லர். 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோவைப் பகுதியை எட்டியது. அதன்பின் மின்மோட்டார்கள் பரவின. கோவை நகரமே பம்புகளின் தொழில்நகரமாக வளர்ந்தது. ஆயினும், அவர் மற்றொன்றையும் சேர்த்துச் சொன்னார்: “கமலையில எறைச்ச வரைக்கும் ஊறுன தண்ணியத்தான் எறைச்சோம். சாலு தரை தட்டுனா நிறுத்திப்போடுவோம். மாட்டுக்கும் ஓய்வு, கெணத்துக்கும் ஓய்வு. மோட்டாருக்கு ஓய்வு வேண்டியதில்ல. அதனால கெணத்துக்கும் ஓய்வு இல்லாமப் போச்சு.” தம் தோட்டம் கைவிட்டுப் போன கதை முழுவதையும் அவர் அந்தச் சில சொற்களில் அடக்கிவிட்டார்.

தண்ணீர் எங்கே போகிறது?

காட்சி முடிந்து அனைவரும் கைதட்டினர். தங்கை மகன் மட்டும் தொட்டியின் ஓரத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்பிச்சி, இந்தத் தண்ணி எங்க போகுதுங்க?”

நாங்களும் குனிந்து பார்த்தோம். தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் புறப்பட்டுக் கிணற்றுக்குள்ளேயே சென்றது. இறைத்த நீர் அனைத்தும் வந்த இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

தந்தையின் முகம் வாடியது. “பாத்திக்குப் போகாத தண்ணிய எறைக்கறது எறைப்பாகுமா சாமி?” என்று மெல்லக் கேட்டார். பிறகு காளைகளிடம் சென்று, ஒன்றின் கழுத்தில் பூட்டாங்கயிறு இறுகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். “ரெண்டு விரல் உள்ள போற மாதிரி எளக்கிக் கட்டோணும் தம்பி” என்றார். ஓட்டிய இளைஞர், “பார்வையாளருங்க மாட்டத் தொடக்கூடாதுங்க” என்று பணிவாகத் தடுத்தார். தந்தை ஒன்றும் பேசாமல் விலகி வந்து புளியமரத்தடியில் அமர்ந்தார். அன்றைய மகிழ்ச்சி அவ்விடத்தில் சற்றே நின்றுபோனது.

உரிமையாளரின் மறுமொழி

நண்பகல் உணவாகக் கம்பங்கூழும் அரிசியும்பருப்புச் சோறும் பரிமாறப்பட்டன. அவ்வேளையில் பூங்காவின் உரிமையாளர் எங்களிடம் வந்தார். நிகழ்ந்ததை இளைஞர் அவரிடம் கூறியிருந்தார். கயிற்றைத் தளர்த்திவிட்டதாகச் சொல்லி, தந்தையின் எதிரே தரையில் அமர்ந்தார்.

“ஐயா, நானும் விவசாயம் பண்ணுனவந்தானுங்க. நாலு வருசம் தொடர்ந்து நட்டம். மனையாப் பிரிச்சு வித்துரச் சொல்லி நாளும் ஆளுங்க வந்தாங்க. விக்க மனசில்லாம இதை ஆரம்பிச்சனுங்க. இங்க வர்றவங்க குடுக்கற காசுலதான் இந்த மாடுக தீவனம் திங்குதுங்க. நான் செய்யறது தப்புங்களா?” என்று கேட்டார்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. தம்மால் காக்க முடியாத ஒன்றை இவர் வேறொரு வழியில் காத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “தப்பில்லீங்க. நெலம் உங்க கையில இருக்குது, அதுவே பெருசு. ஆனா, அந்தத் தண்ணிய மட்டும் திருப்பிக் கெணத்துல விட்ராதீங்க. ஒரு பாத்திக் கீரைக்காவது கட்டுங்க. பாக்கற கொழந்தைக்கு அப்பத்தான் எதுக்கு எறைக்கறாங்கன்னு தெரியும்” என்றார்.

காட்சியும் உழவும்

தந்தையின் அச்சமும் உரிமையாளரின் விளக்கமும் நம் ஊருக்கு மட்டும் உரியன அல்ல. உலகின் பல பகுதிகளிலும் இவ்வினா எழுந்துள்ளது.

அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், 1920-ஆம் ஆண்டில் வால்டர் நாட் என்னும் உழவர் குத்தகை நிலத்தில் பெர்ரிப் பழங்களைப் பயிரிடத் தொடங்கினார். வேறொருவர் உருவாக்கிக் கைவிட்ட கலப்பினக் கொடியொன்றைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றி, அதனை உருவாக்கிய ருடால்ஃப் பாய்சனின் பெயராலேயே ‘பாய்சன்பெர்ரி’ எனப் பெயரிட்டார். பொருளாதார நெருக்கடி மிகுந்த 1934-இல் அவர் மனைவி கார்டிலியா, வருவாய்க்காகத் தம் திருமணப் பீங்கான் தட்டுகளில் எட்டுப் பேருக்குக் கோழிக்கறி உணவு பரிமாறினார். உணவுக்குக் கூட்டம் பெருகியது. காத்திருப்போர் பொழுதுபோக்க 1940 முதல் பழங்கால ஊரின் மாதிரி ஒன்று எழுப்பப்பட்டது. 1968-இல் வேலி அமைத்து நுழைவுக்கட்டணம் வாங்கலாயினர். ‘நாட்’ஸ் பெர்ரி பண்ணை’ என்னும் அவ்விடம் இன்று வானளாவிய உருள்வண்டிகள் நிறைந்த கேளிக்கைப் பூங்கா. பெயரில் பண்ணை உள்ளது. பண்ணைக்குரிய விளைநிலம் இல்லை.

இத்தாலி நாடு வேறு வழியைத் தேர்ந்தது. அந்நாட்டு உழவர்கள் தம் பண்ணை வீடுகளில் விருந்தினரைத் தங்கவைத்து, தம் விளைபொருள்களால் உணவளிப்பர். இதனை நெறிப்படுத்த 1985-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விருந்தோம்பல் துணைத்தொழிலாகவே இருத்தல் வேண்டும். உழவே முதன்மைத் தொழிலாகத் தொடர வேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. நம் நாட்டில் மகாராட்டிர மாநிலம் 2020-இல் வேளாண் சுற்றுலாவுக்கெனத் தனிக்கொள்கை வகுத்துள்ளது.

இவ்விரு வரலாறுகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. காட்சி, உழவுக்குத் துணைநின்றால் நிலம் பிழைக்கும். உழவை விழுங்கினால் பெயர்ப்பலகை மட்டுமே எஞ்சும். சுருங்கச் சொன்னால், இறைத்த நீர் எங்கே போகிறது என்பதே வினா.

கடைமடை

தைத் திங்களில் பொங்கல் விடுமுறையின்போது நாங்கள் மீண்டும் அப்பூங்காவிற்குச் சென்றோம். மூட்டு வலியால் தந்தை வரவில்லை. தொட்டியிலிருந்து கிணற்றுக்குச் சென்ற குழாய் அடைக்கப்பட்டிருந்தது. புதிதாக வெட்டிய மண்வாய்க்கால் வழியே நீர் ஓடியது. சிறுவர்கள் மண்வெட்டியால் மடை திறந்தும் அடைத்தும் பாத்திகளுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தனர். ஆறு பாத்திகளில் தண்டுக்கீரை தழைத்திருந்தது. அன்று பறித்த கீரைக்கட்டு ஒன்றை உரிமையாளர் தந்தைக்கெனக் கொடுத்தனுப்பினார்.

வீடு திரும்பியதும், என் மகள் அதனை அவர் கைகளில் வைத்தாள். அவர் கீரையின் வேரில் ஒட்டியிருந்த ஈரமண்ணை விரல்களால் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார்:

“தண்ணி கடைமடை வரைக்கும் போச்சா கண்ணு?”

“போச்சுங்க அப்பாரு.”

சொல்லும் பொருளும்

கமலை – மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு
சால் – நீர் முகக்கும் பெருங்கலம்
நுகத்தடி – காளைகளின் கழுத்தில் பூட்டும் தடி
பூட்டாங்கயிறு – காளையை நுகத்தடியுடன் பிணைக்கும் கயிறு
கடைமடை – வாய்க்கால் நீர் இறுதியாகச் சென்று பாயும் இடம்
அப்பாரு – தந்தையின் தந்தை (கொங்கு வட்டார வழக்கு)
அப்பிச்சி – தாயின் தந்தை (கொங்கு வட்டார வழக்கு)

இலக்கணக்குறிப்பு

கண்டோர் – வினையாலணையும் பெயர்
அறியாத கைகள் – எதிர்மறைப் பெயரெச்சம்
செங்கன்று – பண்புத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

இறைத்தனர் = இறை + த் + த் + அன் + அர்
இறை – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

புணர்ச்சி விதி

பெருங்கிணறு = பெருமை + கிணறு
‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி, பெரு + கிணறு
‘இனமிகல்’ என்னும் விதிப்படி, பெருங்கிணறு

பயிற்சிகள்

பலவுள் தெரிக

1. கொறங்காட்டில் உயிர்வேலியாக அமைவது
அ) வெள்வேலம் ஆ) கிளுவை இ) கொழுக்கட்டைப் புல் ஈ) புளி

2. கொங்கு வட்டாரத்தில் கிணற்று நீரால் விளையும் நிலம்
அ) காடு ஆ) வயல் இ) தோட்டம் ஈ) கொறங்காடு

குறுவினா

1. காங்கேயம் கன்றின் நிறமாற்றம் குறித்து எழுதுக.
2. ‘மோட்டாருக்கு ஓய்வு வேண்டியதில்ல, அதனால கெணத்துக்கும் ஓய்வு இல்லாமப் போச்சு’ – இக்கூற்றின் பொருளை விளக்குக.

சிறுவினா

1. கமலையில் வால்கயிற்றின் பயன்பாட்டினை விளக்குக.
2. பூங்காவின் உரிமையாளர் கேட்ட வினாவுக்கு நீவிர் கூறும் விடை யாது? காரணத்துடன் எழுதுக.

நெடுவினா

‘காட்சி உழவுக்குத் துணைநிற்க வேண்டும், உழவை விழுங்கக்கூடாது’ – இக்கருத்தைப் பாடத்திலுள்ள சான்றுகளுடன் நிறுவுக.

மொழியை ஆள்வோம்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தோர் ஒருவரிடம் உரையாடி, இன்று வழக்கொழிந்த கருவி ஒன்று இயங்கிய முறையைக் கேட்டறிக. அவர் பயன்படுத்திய வட்டாரச் சொற்களை மாற்றாமல் ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.